பசி என்று சொல்லாத ஊர்

நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, கரட்டுப்பாளையத்தில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்று, நின்ற தறிகளைப் பழைய இரும்புக்காரன் எடைபோட்டு லாரியில் ஏற்றிப் போன வருஷத்தில்தான், தெய்வசிகாமணி பேசினால் வயிறு நிறைகிறது என்பதை எங்கள் ஊர் கண்டுகொண்டது.

அதுவரைக்கும் அவனை மைக் சிகாமணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டோவின் தலையில் குழாய் ரேடியோவைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் செத்தவர் வீட்டுச் சேதியையும் ஒரே குரலில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறவன். நூல் விலையைக் குறைக்கச் சொல்லி ஊரே மாரியம்மன் கோயில் முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்த அன்றைக்கு, வருகிறேன் என்று சொன்ன தலைவர்கள் ஒருத்தரும் வராமல் மைக் சும்மா இரைந்துகொண்டிருக்க, "ஏண்டா சிகாமணி, மைக்கு உன்றதுதான, நீயே நாலு வார்த்தை பேசு, பொழுது போவட்டும்" என்று யாரோ கேலிக்குச் சொல்லப்போய், அவன் எழுந்தான். நம் சோற்றை யாரோ தின்கிறார்கள் என்று ஆரம்பித்தான். யார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் விரதம் முடித்துவைக்க எலுமிச்சைச் சாறு வந்தபோது ஒருத்தருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தவர்கள் மாதிரி வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு, வெற்றிலைக்குக் கை நீட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் வைத்திருந்த கம்மஞ்சோற்றை ஒதுக்கினார்.

"வேண்டாம் ராமாத்தா, வயிறு திம்முனு இருக்குது."

"எங்க தின்னீங்க?"

"எங்கயும் திங்கல. சிகாமணி பேச்சைக் கேட்டேன்."

மிச்சச் சோறு நாளைக்கு ஆகும் என்று தண்ணீர் ஊற்றி வைத்தேன். வீட்டில் இருந்ததே அவ்வளவுதான், அதனால் அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஊர் அதிசயத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் மலைத்து நிற்கவில்லை. மழை வந்தால் குடை விரிப்பது மாதிரி அதற்குத் தக்கபடி நடக்கப் பழகிக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிகாமணி பேசுவான் என்று ஆனதும், அந்த நேரத்துக்கு எல்லோரும் கை கால் கழுவி, பிள்ளைகளுக்கு முகம் துடைத்து, கோயில் முன்னால் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையின் காதைத் துடைத்துவிட்டுப் பேச்சுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்கள். செல்போனில் பதிவு பண்ணிக் கேட்டால் டிபன் சாப்பிட்ட அளவுக்குத்தான் தாங்குகிறது, நேரில் கேட்டால்தான் சாப்பாடு என்று பெண்கள் குழாயடியில் கணக்குச் சொன்னார்கள். கல்யாணத்துக்குச் சமையல்காரரை வைக்காமல் சிகாமணியை வைத்தார்கள். பந்தியில் இலை போட்டார்கள், இலையில் ஒன்றும் வைக்கவில்லை, பேச்சு முடிந்ததும் எல்லோரும் வெற்று இலையை மரியாதையாக மடித்துவிட்டு எழுந்து கை கழுவினார்கள். எங்கள் பக்கம் எதிரே வருகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்பது வழக்கம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாச்சா என்று மாறி, அதற்குக் கேட்டாச்சு என்று சொல்லி வயிற்றில் கை வைத்துக் காட்டுவது மரியாதை என்றும் ஆனது.

எந்தப் பேச்சு எவ்வளவு நிறைக்கும் என்பதும் போகப்போகத் தெரிந்தது. விலைவாசியைப் பற்றிப் பேசினால் வடிகஞ்சி குடித்த மாதிரி, ஒரு தெரு நடப்பதற்குள் கரைந்துவிடும். அதிகாரிகளைத் திட்டினால் ரேஷன் அரிசிச் சோறு. மில் முதலாளிகளைப் பற்றி அவன் ஒருநாள் பேசினான், சுமாராக நிறைந்தது, அடுத்த வாரமே முதலாளிகள் அவனுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்ததில் அந்தப் பதார்த்தம் அதற்குப் பிறகு பரிமாறப்படவே இல்லை. ஆனால் ரயிலேறி வந்தவர்கள், வடக்கத்திக்காரர்கள், நம் தறியில் நின்று நம் கூலியை வாங்கி நம் சோற்றைத் தின்கிறவர்கள் என்று அவன் பெயர் சொல்ல ஆரம்பித்த அன்றைக்கு, ஊரே நெய்யும் பருப்பும் பாயசமுமாகத் தின்றது. "இன்னிக்குப் பேச்சுல ஏலக்காய் வாசம் தூக்குச்சு பாருங்" என்று எதிர்வீட்டு மயிலாத்தாள் உதட்டை நக்கிக்கொண்டு சொன்னாள்.

இதையெல்லாம் நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் காது கிடையாது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக் கொட்டகைக்குள் போனவள், சத்தத்திலேயே காது போய்விட்டது. தறிக்காரிகள் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். வாயைப் பார்த்துப் பேச்சைப் படித்துக்கொள்வோம். எங்கள் வீட்டை ஒட்டின கொட்டகையில் எங்களுக்குச் சொந்தமாக எட்டுத் தறி, நின்றுபோன பிறகும் எடைக்குப் போட மனசு வராமல் வைத்திருந்தோம். ஓடின காலத்தில் பாதியை நான் ஓட்டுவேன், பாதியை ஜமுனா ஓட்டுவாள். ஒடிசாவிலிருந்து புருஷனோடு வந்தவள், புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாதவன். அவளுக்கும் காது போய்விட்டது. நானும் அவளும் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, உதடு மட்டும்தான் அசையும்.

அதனால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு மட்டும் ஊரில் பசி மிச்சமிருந்தது. கட்சி ஆரம்பித்ததும் சிகாமணி செய்த முதல் நல்ல காரியம் எல்லோருக்கும் இலவசக் காது மிஷின் கொடுத்ததுதான். முகாமில் தறிக்காரிகள் வரிசையில் நின்று மாட்டிக்கொண்டு, மாட்டின நிமிஷமே வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். என் காதைப் பார்த்தவன் நரம்பே செத்துவிட்டது, மிஷினுக்கு வேலையில்லை என்று கை விரித்துவிட்டான். ஜமுனாவை வரிசையிலேயே விடவில்லை.

பசிக்கிறவர்கள் குறையக் குறைய, பசிக்கிறது என்பது சொல்லக் கூசுகிற காரியமாக ஆனது. ஊரில் எல்லோரும் இளைத்துக்கொண்டே வந்தார்கள். வளையல் முழங்கைக்கு ஏறியது, டெய்லர் பழனாத்தாளுக்கு ஜாக்கெட் பிடித்துத் தைக்கிற வேலைக்கே நேரம் போதவில்லை. இளைப்பை ஒழுக்கம் என்றார்கள். கன்னத்தில் சதை உள்ளவளை மேலும் கீழும் பார்த்தார்கள். சட்டியில் கடுகு வெடிக்கிற வாசம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் மகளிர் அணிக்காரிகள் வந்து வாசலில் நின்று, "என்னக்கா, தலைவர் பேச்சு பத்தலையாக்கும்?" என்று சிரித்தபடி கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் தாளிக்கிறதை விட்டேன். உப்பும் புளியும் கரைத்து, கொட்டகை மூலையில், ஈரச் சாக்கைப் போர்த்தி மூடிச் சோறாக்கி, நானும் ஜமுனாவும் திருடிகள் மாதிரி மாறி மாறி வாசலைப் பார்த்துக்கொண்டு தின்றோம்.

எங்கள் இரண்டு பேர் வயிறு எப்படியோ போகட்டும். எனக்கு இருந்த ஒரே கவலை தாரணி.

தாரணி என் மகள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல காது. சிகாமணி பேச்சை ஒருநாள் விடாமல் கேட்கிறவள், கேட்டுவிட்டு வந்து மினுமினுவென்ற முகத்தோடு படுக்கிறவள். எலும்பு தோளில் முளைக்கிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. தலை வாரினால் சீப்போடு முடி வந்தது. மாசம் மாசம் வருகிறது வராமல் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், டாக்டர் பையனும் தாடை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான், "எல்லாம் நார்மல்தாம்மா, வயிறு நிறைஞ்சுதான் இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

"ஒரே ஒரு வாய் கண்ணு. அம்மாவுக்காக."

"வேண்டாம்மா. மண்ணு மாதிரி இருக்குது."

"தயிர் ஊத்திப் பிசைஞ்சிருக்கேன் சாமி, தொண்டையில தானா எறங்கிரும்."

"உனக்குக் கேக்காதும்மா, அதான் உனக்குப் புரியல" என்று தாரணி என் முகத்துக்கு நேரே நின்று, நான் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "எனக்குப் பசின்னா என்னான்னே மறந்து போச்சு. எவ்வளவு நிம்மதியா இருக்குது தெரியுமா?"

வற்புறுத்தி ஊட்டினேன். வாயில் வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பிவிட்டாள்.

அந்த மாசியில் மயிலாத்தாள் பேத்தி, தாரணியோடு ஒன்றாகப் படித்தவள், பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்து, அப்படியே போய்விட்டாள். தூக்கினபோது ஈரத் துணி அளவுதான் கனம் இருந்ததாம். எழவு வீட்டில் ஒருத்தரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. "வயிறு நெறைஞ்சு போயிருக்கா, இந்தச் சாவு யாருக்கு வாய்க்கும்" என்று மயிலாத்தாள் சொன்னதை நான் அவள் உதட்டில் இரண்டு தடவை படித்தேன், ஒருவேளை தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. தப்பாகப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தாரணியை இடுப்பில் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது.

இதற்குள் சிகாமணி நகராட்சித் தலைவர் ஆகி, எம்.எல்.ஏ. ஆகி, எல்லா ஊரிலும் தறியும் மில்லும் பட்டறையும் நின்றுபோயிருந்ததால் எல்லா ஊரிலும் அவன் பேச்சுக்கு இலை விரித்து, கடைசியில் மெட்ராஸில் பெரிய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். மைக் சிகாமணி என்று பழைய பெயரைச் சொன்ன டீக்கடைக்காரரைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. ஊர் ஊருக்குக் கரண்டுக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் அங்கிருந்து பேசுவது எல்லாத் தெருவுக்கும் வந்தது. நாட்டில் பசி ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒழிந்துபோனதை இருப்பதாகச் சொல்வது துரோகம் என்று சட்டம் போட்டார்கள். பசிக்குது என்று வாய்விட்டுச் சொன்ன ரேஷன் கடை வரிசைக் கிழவர் ஒருவரை வேனில் ஏற்றிப் போனார்கள். வடக்கத்தி ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள், ஓட முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்று ஊரில் யாரும் பேசவில்லை. ஜமுனாவை நான் கொட்டகைக்குள்ளேயே, பாவு நூல் சுற்றுகிற உருளைகளுக்குப் பின்னால் படுக்க வைத்தேன்.

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"அவருகிட்ட எதுக்கு? கேட்டா வயித்துல வச்சுக்கத் தெரியாத மனுசன்."

"இப்ப அவரு வயித்துல இடம் ஏதுக்கா?" என்று ஜமுனா சொல்ல, அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சித்திரையில் ஒருநாள் பேச்சு நேரத்தில் கோடை இடி இடித்தது. எனக்கு இடி காலில்தான் தெரியும், தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு நீண்ட கொஞ்ச நேரத்துக்கு, சுவரில் சாய்ந்து கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த தாரணி கண்ணைத் திறந்தாள். மூக்கை இழுத்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பி, "என்னம்மா வாசம் அது?" என்று கேட்டாள். சோறு வெந்துகொண்டிருந்த நேரம். நான் எழுந்து ஓடுவதற்குள் இடி நின்றது, அவள் கண் மறுபடி மூடிக்கொண்டது, தொண்டை மறுபடி எதையோ விழுங்க ஆரம்பித்தது.

நடந்ததை ஜமுனாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் தறியைப் பார்த்தேன்.

"பாவு இல்லையே ஜமுனா. வெறுந்தறி ஓட்டக் கூடாது. ஓட்டினா அந்தக் கொட்டகை வெளங்காதும்பாங்க."

"இப்ப வெளங்குதாக்கா?" என்றாள் ஜமுனா.

மறுநாள் பேச்சு நேரத்துக்கு முன்னால், பழைய நூல் கூடையைத் தூக்கிவைக்கக் கை கொடு என்று பொய் சொல்லித் தாரணியைக் கொட்டகைக்குள் வரவழைத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வீட்டுக்காரர் கோயில் முன்னால் உட்காரப் போயிருந்தார். சோறு ஆக்கி வைத்திருந்தேன். அன்றைக்குத் துணிந்து தாளித்தும் இருந்தேன், கடுகும் வரமிளகாயும் பூண்டும். பேச்சு ஆரம்பித்துவிட்டது என்பது தாரணியின் தொண்டை விழுங்கத் தொடங்கியதில் தெரிந்தது. மெயினைப் போட்டு ஒரு தறியை ஓட்டினேன். நூல் இல்லாத தறி, குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சும்மா பாய்ந்தது. தாரணியின் தொண்டை நிற்கவில்லை. இன்னொன்றை ஓட்டினேன். நிற்கவில்லை. ஜமுனா அவள் பக்கத்துத் தறிகளைப் போட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தறி ஓடுவது என்றால் உள்ளங்காலில் ஏறுகிற ஒரு நடுக்கம், அவ்வளவுதான். காது போனவளுக்கு அந்தச் சத்தம் எத்தனை தூரம் நடந்து போகும் என்பது எப்படித் தெரியும்? கொட்டகைக்குள் மட்டும் நிரம்பும் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டு, எட்டுத் தறியையும் போட்டுவிட்டோம். ஊரில் தறிச் சத்தம் செத்துப்போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் ஜன்னல்.

தாரணியின் தொண்டை நின்றது. கண்ணைத் திறந்து, எங்கேயோ இருந்து திரும்பி வந்தவள் மாதிரி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். சட்டியைக் கண்டாள். சட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இத்தனை மாசத்துப் பசியும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்த மாதிரி, இரண்டு கையாலும் அள்ளினாள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். ஜமுனா தறி ஓரத்தில் நின்றுகொண்டு, மெல்ல, மெல்ல என்று கை காட்டினாள்.

கதவு அதிர்ந்தது தரை நடுக்கத்தோடு கலந்துபோய் எனக்குத் தெரியவில்லை. தாழ் பிய்ந்து கதவு விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டம், எல்லோரும் வாசலில் நின்றார்கள். பேச்சு கேட்காமல் போன எல்லோருக்கும் பசி திரும்பியிருந்தது. இத்தனை நாள் சேர்ந்த பசி மொத்தமாகத் திரும்பியிருந்தது. சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மயிலாத்தாள் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அந்தக் கையில் சதையைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ மெயினை அணைத்தார்கள். ஒரே ஒரு நிமிஷம், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு இளைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் பார்க்கிறவர்கள் மாதிரி. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, அது பொய்யில்லை.

அப்புறம் என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தறிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜமுனாவைப் பார்த்தார்.

"இவதான்" என்றார். "இந்த வடக்கத்திக்காரிதான். நம்ம வயித்துல கை வச்சவ."

நான் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர் முகம் மாறியதை முதலில் பார்த்தவள் நான்தான். சொல்லி முடித்ததும் ஒட்டின கன்னம் லேசாக உப்பியது, கண் சொருகியது, ஏப்பம் வந்தது. கம்பத்து ஒலிபெருக்கியில் பேச்சு முடிந்துபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது. சிகாமணி இல்லாமலே, தன் வாய்ப் பேச்சே என் வீட்டுக்காரருக்குச் சோறாகிவிட்டது. பக்கத்தில் நின்றவன் அதைக் கண்டுகொண்டு அவனும் சொன்னான், அவனுக்கும் நிறைந்தது. பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

"நானு! நாந்தான் ஓட்டினேன்! அவ இல்ல!" என்று நான் குறுக்கே விழுந்து கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்காததால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கத்தியிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரன், என்னை ராமாத்தக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், "ராமாத்தக்காதான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். வாயைச் சப்புக்கொட்டினான். என் பெயரில் ருசி இல்லை. அவன் என்னைத் தாண்டிக்கொண்டு போனான்.

ஜமுனா ஓடவில்லை. ஓட வழியும் இல்லை. முடியைப் பிடித்து அவளை வாசலுக்கு இழுத்தபோது, தலையைத் திருப்பி என்னிடம் உதட்டசைவில் ஏதோ சொன்னாள், பாதியில் ஒரு முதுகு வந்து மறைத்துவிட்டது. மீதி என்ன என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கூட்டம் அவளைச் சுற்றி மூடிக்கொண்டு தெருவில் நகர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒவ்வொருத்தராகப் பிரிந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, விருந்து வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி நிதானமாக அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

கொட்டகையில் நானும் தாரணியும் இருந்தோம். சட்டி காலியாகியிருந்தது. என் பிள்ளையின் கண்ணில் உயிர் இருந்தது, மோவாயில் பருக்கை ஒட்டியிருந்தது, நான் எத்தனையோ சாமிக்கு நேர்ந்துகொண்டது அப்படியே நடந்திருந்தது. வாசலில் மகளிர் அணிக்காரிகள் இரண்டு பேர், சாய்ந்து கிடந்த கதவின் மேல் கால் வைத்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்தாள்.

"அம்மா, பசி—"

பாய்ந்து அவள் வாயை என் கையால் பொத்தினேன். அவள் திமிறினாள், சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தச் சொல் என் உள்ளங்கையில் சூடாக மோதிக்கொண்டே இருந்தது, வாயெல்லாம் எச்சில் ஊறி என் விரலிடுக்கு வழியாக வழிந்தது. நான் வாசலைப் பார்த்துச் சிரித்தபடி, கையை எடுக்காமல், இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொண்டேன்.